இடது தோள்பட்டை எந்தப் பிரிவு?

ஒரு மனிதன் என்ன வேலை செய்கிறான் என்பது அவனுக்குத் தெரியாது. அதைக் குடியேற்ற அலுவலகம்தான் சொல்ல வேண்டும்.

நெமேசியோவும் நானும் பிலிப்பைன்ஸிலிருந்து வந்து, ஆல்பர்ட்டாவில் ஒரு மாட்டிறைச்சி ஆலையில் ஒன்பது வருடமாக நிற்கிறோம். தோலுரித்த மாடு கொக்கியில் தொங்கியபடி நகர்ந்து வரும். அவன் இடது தோள்பட்டை எலும்பை எடுப்பான். நான் வலது. மீதி மாட்டை நாங்கள் அறியோம்.

மார்ச்சில், ஊரில் இருக்கும் அவன் மகள் லியோனோராவுக்கு இருபத்திரண்டு வயதாகிவிடும். அதற்குள் நிரந்தரமாகத் தங்க அவன் போடும் விண்ணப்பம் ஏற்கப்படாவிட்டால் அவள் அவன் குடும்பத்தில் சேர்த்தி இல்லை. துணைக்குப் போனேன். என்னை இரண்டு முறை திருப்பி அனுப்பிய அலுவலகம்; நான் மறக்கவில்லை.

"என்ன பிரிவு?" என்றார் அதிகாரி அம்மாள்.

"கசாப்புக்காரர், மேடம்."

"முழு மாட்டை வெட்டுவீங்களா?"

"இடது தோள் மட்டும். வலது இவரு."

"அப்ப நீங்க தொழிலாளி. திறமைப் பிரிவுல வராது; நிரந்தர அனுமதி அதுக்குத்தான்."

"வரிசையில தொண்ணூத்தாறு பேர் இருக்கோம் மேடம். எல்லாரும் சேர்ந்தா முழு மாடு. ஒரே விண்ணப்பமாப் போடலாமா?"

அம்மாள் விதிப் புத்தகத்தை மெய்யாகவே புரட்டினார். "கையெழுத்துக்கு ஒரு கட்டம்தான் இருக்கு."

"முழு மாட்டையும் பாக்கிறது எங்க மேற்பார்வையாளர் கெல்வின் ஒருத்தர்தான்" என்றேன் எரிச்சலோடு. "ரத்தத்தைப் பார்த்தா மயங்கி விழுவாரு."

"மேற்பார்வையாளரா? அது திறமைப் பிரிவாச்சே!"

நாங்கள் போய்ச் சொன்னதும், ஆலை நிர்வாகம் கருணை கூர்ந்து தொண்ணூற்றாறு பேருக்கும் மேற்பார்வையாளரின் மஞ்சள் தலைக்கவசம் வழங்கியது.

"நீங்க யாரை மேற்பார்வை செய்றீங்க?" என்று, கவசத்தோடு மறுபடி போன எங்களிடம் அம்மாள் கேட்டார்.

"இவரை" என்றான் நெமேசியோ.

"இவரு யாரை?"

"நான் அவனை" என்றேன்.

"ரொம்பத் தெளிவா இருக்கு" என்று முத்திரை குத்தினார். என்னுடையதற்கும்தான்.

மேற்பார்வையாளர் கத்தி தொடக் கூடாது என்பது ஆலை விதி. ஆகவே மாடு முழுசாக உள்ளே வந்து, தொண்ணூற்றாறு பேரால் மேற்பார்வையிடப்பட்டு, முழுசாக வெளியே போனது. ஆள் பற்றாக்குறை என்று ஆலை அறிவித்தது.

லியோனோரா வந்து இறங்கினாள். நூடுல்ஸ் கிண்டி விருந்து வைத்தோம். மூன்றாம் நாள் அவளுக்கு எங்கள் ஆலையிலேயே வேலை கிடைத்தது: இடது தோள்பட்டை.

"அப்பா, இதுக்கு என்ன பிரிவு?"

நெமேசியோ மஞ்சள் கவசத்தைச் சரிசெய்துகொண்டான்.

"தொழிலாளி" என்றான். "பேசாம வெட்டு. நாங்க பாத்துக்கிறோம்."