ஷேவிங் டப்பாவுக்குள் மெமரி

வீட்டுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தே ஆக வேண்டும் என்று இன்ஷூரன்ஸ்காரர் முடிவு கட்டினார். பழையதில் அவருடைய கார் பந்தய விளையாட்டு தள்ளுவண்டி வேகத்தில் போயிற்று. இதை மனைவியிடம் சொல்ல முடியுமா? வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிற அந்த அம்மாளுக்குப் பழையதே தாராளம்.

ஆகவே சூழ்ச்சி. கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்தார். அதன் மெமரி முழுக்க இரண்டு ரேம் பட்டைகளில் இருந்தது. ஒன்றைப் பிடுங்கித் தம் ஷேவிங் டப்பாவுக்குள் ஒளித்தார். அவருக்கு மூன்று வருஷத் தாடி. அந்த டப்பாவை யார் சீண்டப் போகிறார்கள்?

மறுநாள் அவர் ஆபீஸிலிருந்து வந்ததும் மனைவி சொன்னாள்.

"மெமரி போதலைன்னு காட்டுதுங்க. ரெண்டு தடவை அப்படியே நின்னுடுச்சு."

"வயசாச்சு பாரு. புதுசு வாங்கிடலாமா?"

"பொறுங்க, பார்ப்போம்."

அவருக்குக் குஷி தாங்கவில்லை. குளியலறைக்குப் போய் டப்பாவைத் திறந்து பார்த்துக்கொண்டார்.

அடுத்த நாள் கதை மாறியது.

"இன்னைக்கு எப்படி?"

"ஜோரா ஓடுச்சு. ஒரு அத்தியாயமே முடிச்சுட்டேன்."

அவர் உட்கார்ந்தார். கார் புறப்பட்டது, திரை உறைந்தது, கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது.

"பார்த்தியா!"

"உங்களைக் கண்டாத்தான் அதுக்குப் பயம். சும்மாதானே இருக்கீங்க, இந்த வெங்காயத்தை நறுக்குங்க."

தினமும் இதே கூத்து. வெங்காயம் முடிந்தால் துணி மடிப்பு, அதுவும் முடிந்தால் ஒட்டடை. பாதி மெமரியில் இவள் எப்படி அத்தியாயம் அத்தியாயமாகத் தள்ளுகிறாள்? காலையும் மாலையும் டப்பாவைத் திறந்து பார்த்தார். பட்டை குத்துக்கல்லாட்டம் அங்கேயேதான் இருந்தது.

ஒரு நாள் தலைவலி என்று சொல்லி, ஆபீஸிலிருந்து மத்தியானமே வந்துவிட்டார். உள்ளே விசைப்பலகை படபடத்தது. திரையில் அகராதி, மொழிபெயர்ப்பு, பாட்டு, எல்லாம் ஒன்றாக ஓடின. செருப்பைக்கூடக் கழற்றாமல் குளியலறைக்கு ஓடினார். டப்பாவில் ரேஸர் மட்டும் இருந்தது.

"தேடாதீங்க. கம்ப்யூட்டர்லதான் இருக்கு," என்று குரல் வந்தது. "நீங்க வர்ற நேரத்துக்குத் திருப்பி வெச்சிடுவேன். இன்னைக்குச் சொல்லாம வந்துட்டீங்க."

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"தாடி வெச்ச மனுஷன் வந்ததும் வராததுமா ஷேவிங் டப்பாவைத் திறந்தா சந்தேகம் வராதா?"

"அன்னைக்கே கேட்டிருக்கலாமே!"

"கேட்டா மறுபடி கார் ஓட்டப் போயிடுவீங்க. இப்பத்தான் வெங்காயம் நறுக்கிக்கிட்டே என்கூட நாலு வார்த்தை பேசுறீங்க. எனக்கு அது பிடிச்சிருக்கு."

அவருக்கு வெட்கமாக இருந்தது. உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சூட்டோடு புதுக் கம்ப்யூட்டர் பேச்சைத் தொடங்கலாமா என்று யோசிப்பதற்குள், அவள் வேலையைச் சேமித்துக் கம்ப்யூட்டரை அணைத்தாள். ஸ்க்ரூ டிரைவரை அவர் கையில் கொடுத்தாள்.

"வந்ததுதான் வந்தீங்க, பட்டையை நீங்களே கழட்டிடுங்க. வெங்காயம் உரிச்சு வெச்சிருக்கேன்."