முன்னாடியும் பின்னாடியும்

"மூர்த்தி, முடிவு பண்ணிட்டேன் லா. ஃபுல் சஸ்பென்ஷன்தான். ஆனா வினிக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா நான் செத்தேன்."

வாஷிங் மெஷினுக்கும் பின்சுவருக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டு பிரையன் போனில் பேசினான். மெஷின் ஓடுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பது அவன் கணக்கு. பாதிப் பேச்சிலேயே மெஷின் நின்றுபோனதை அவன் கவனிக்கவில்லை.

மாசாயில் குடிவந்ததிலிருந்து அவனுக்கு ஒரே பைத்தியம். ஞாயிறு பூசை முடிந்ததும் செம்பனைத் தோட்டத்து மண்பாதையில் சைக்கிள். முதலில் மேட்டைக் கண்டாலே இறங்கித் தள்ளியவன், இப்போது கூட்டத்தில் இரண்டாவது ஆளாகச் சரிவில் பாய்கிறான். முதல் ஆளாகப் பாய முடியாததற்குச் சைக்கிள்தான் காரணம் என்று சாதித்தான். அதற்கு முன்சக்கரத்தில் மட்டும்தான் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன். வேர்மேல் ஏறினால் பின்சக்கரம் உதைக்கிற உதையில் கடைவாய்ப் பல் ஆடுகிறதாம்.

ஸ்கூடாயில் சைக்கிள் கடை வைத்திருக்கும் மூர்த்தி எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினான். "உங்க ரைடிங் எங்கயோ போயிடுச்சுண்ணே. சைக்கிள்தான் அங்கயே நிக்குது. ரெண்டு சக்கரத்துக்கும் சஸ்பென்ஷன் உள்ளதா எடுங்க. கொஞ்சமா அமுங்குறது ஏத்தத்துக்கு நல்லது, நல்லா அமுங்குறது எறக்கத்துக்கு நல்லது. யோசிச்சுச் சொல்லுங்க. உங்க உயரத்துக்கு ஒண்ணொண்ணுதான் இருக்கு."

பிரையன் யோசித்தான், யோசித்தான், அப்படி யோசித்தான். நின்றால் மேடு, உட்கார்ந்தால் பள்ளம். சாப்பாட்டு மேசையில் கரண்டியைக் கவிழ்த்து மலையாக்கி, விரலால் ஏறி இறங்கிப் பார்த்தான். கடைசியில் இறக்கத்துக்கே ஓட்டுப் போட்டான்.

மீதி இருந்த ஒரே முட்டுக்கட்டை மனைவி வினிஃப்ரெட். இருக்கிற சைக்கிளை வாங்கிய அன்று, "இதுதான் கடைசி, மாதா மேல சத்தியம்" என்று அவளிடம் இதே வாய்தான் சொல்லியிருந்தது.

அன்றைக்குச் சாப்பாட்டில் நண்டுப் பிரட்டல். ஒரு விசேஷமும் இல்லாத செவ்வாய்க்கிழமையில் நண்டு! பிரையன் சுவர்க் காலண்டரை எட்டிப் பார்த்துக்கொண்டான்.

"ஏங்க, எனக்கு எல்லாம் தெரியும்," என்றாள் வினிஃப்ரெட். "போன்ல பேசுனது காதுல விழுந்துச்சு. ஃபுல் சஸ்பென்ஷனாமே?"

நண்டுக்கால் கையிலிருந்து நழுவியது. "உனக்குக் கோவமில்லையா?"

"கோவப்பட்டு என்னா ஆவப்போவுது? வர்றது வந்துதானே ஆகணும்."

அடடா, இவளல்லவா மனைவி! பிரையனுக்குத் தலைகால் புரியவில்லை. "நான் வேற பயந்தே போயிட்டேன் வினி. இது ஒண்ணும் புதுசு இல்ல. முன்னாடி சஸ்பென்ஷன் இருந்துச்சுதானே?"

"முன்னாடி வேற இருந்துச்சா! என்கிட்ட சொல்லவே இல்லியே?"

"முன்னாடி மட்டும்தான். இப்ப பின்னாடியும் வருது. அதான் ஃபுல்லு."

"பின்னாடியும் வருமா? ஐயோ மாதாவே! எத்தன நாளைக்கு?"

"ஒழுங்கா பாத்துக்கிட்டா ஆயுசுக்கும் வரும்!"

"ஆயுசுக்குமா! ஃபாக்டரியில ஆயுசுக்கும் சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க, நீங்க நண்டக் கடிச்சுக்கிட்டு சிரிக்கிறீங்க!" வினிஃப்ரெட் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

பிரையனுக்கு அப்போதுதான் உறைத்தது. அலமாக்! வேலை போய்விட்டது என்று நினைத்து அழுகிறாள். உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். மாதாவின் மேல் செய்த சத்தியம் குறுக்கே வந்தது. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். இவனுக்கு நண்டே கிடைத்திருக்கிறது, கெடுப்பானேன்? கொஞ்ச நாள் கழித்து, 'திரும்ப எடுத்துக்கிட்டாங்க' என்று சொல்லிவிட்டால் போயிற்று என்று வாயை மூடிக்கொண்டான்.

மறுநாள் காலையில் யூனிஃபார்மோடு வாசலுக்கு வந்தவனை வினிஃப்ரெட் மறித்தாள். "எங்க கெளம்பிட்டீங்க?"

"வேலைக்... வேல தேடத்தான்."

"யூனிஃபார்மோடயா?"

உள்ளே போய்ச் சட்டையை மாற்றினான். யூனிஃபார்மைப் பைக்குள் திணித்து, பாசிர் கூடாங் ஃபாக்டரிக்குப் போகிற வழியில் பெட்ரோல் நிலையத்துக் கழிவறையில் போட்டுக்கொண்டான். வேலைக்குப் போவதைப் பெண்டாட்டிக்குத் தெரியாமல் மறைத்த முதல் மனிதன் உலகத்திலேயே அவனாகத்தான் இருப்பான்.

சாயங்காலம் வீடு திரும்பினால் வாசல் நிறையச் செருப்பு. சர்ச்சில் ஜெபக்குழுவை நடத்தும் மரியநாதன் ஆட்களோடு வந்து ஹாலில் முழங்காலில் நின்றுகொண்டிருந்தார்.

"ஆண்டவரே, இந்த வீட்டுல மறைஞ்சு கெடக்கிறது எல்லாம் வெளிச்சத்துக்கு வரட்டும்!"

"ஆமென்!" என்றாள் வினிஃப்ரெட், எல்லாரையும்விடச் சத்தமாக.

பிரையன் அவசரமாக உள்ளே நுழைந்தான். பேச்சை முடிக்க நினைத்து, "எல்லாம் சரியாயிடும் அங்கிள், மேனேஜர்தான் கொஞ்சம் பிடிவாதமா இருக்காரு," என்று ஒன்றை அவிழ்த்துவிட்டான்.

"எந்த மேனேஜரு? ராஜசேகரனா? அவன் என்கூட படிச்சவன் லா!" மரியநாதன் போனை எடுத்தார். "ஒரு குடும்பத்த நடுத்தெருவுல நிறுத்துறானா? இப்பவே கேக்குறேன் அவன."

மணி அடிக்கிற சத்தம் கேட்டது. மேனேஜர் எடுத்தால் முடிந்தது கதை. நாளைக்கு உண்மையிலேயே சஸ்பெண்ட் ஆகவேண்டியதுதான். பிரையன் பாய்ந்துபோய்ப் போனைப் பிடுங்கி அணைத்தான்.

"வேணாம் அங்கிள்! வேலை போகல! சைக்கிள்! முன்னாடின்னா முன்சக்கரம், பின்னாடின்னா பின்சக்கரம்! புது சைக்கிளுக்கு ஆசப்பட்டு நாலு நாளா பைத்தியக்காரனாத் திரியிறேன். வினி, மாதா மேல செஞ்ச சத்தியத்த மீறப் பாத்தேன். பொய் வேற சொன்னேன். என்ன மன்னிச்சிரு. எனக்கு ஒரு சைக்கிளும் வேணாம்!"

ஜெபமாலை உருட்டிய கைகளெல்லாம் அப்படியே நின்றன. வினிஃப்ரெட் கோபப்படவில்லை. "எல்லாருக்கும் காப்பி கலக்குறேன்," என்று எழுந்து சமையலறைக்குப் போனாள். அதுதான் பிரையனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

சொன்ன சொல்லைக் காட்டியாக வேண்டும். சமையலறைக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டு மூர்த்தியைக் கூப்பிட்டான். "மூர்த்தி, அந்தச் சைக்கிள் எனக்கு வேணாம். வேற யாருக்காச்சும் குடுத்துரு."

"அது எப்படிண்ணே முடியும்?" மூர்த்தி சிரித்தான். "நேத்து நீங்க போன வெச்ச கையோட வினி அக்கா கூப்ட்டு உங்க பேருக்கு அத புக் பண்ணிட்டாங்களே. 'அவரு வாயத் தொறந்து உண்மையச் சொல்ற வரைக்கும் சைக்கிள சஸ்பெண்ட் பண்ணி வைங்க தம்பி'ன்னாங்க!"