வாளிக்குள் வெளுத்த நீலம்

பாடம் நடத்துகிறவனுக்குப் பாடம் புரிந்திருக்கும் என்று நம்பித்தான் வாத்தியார்களுக்குப் பெண் கொடுக்கிறார்கள். எனக்கும் அந்த நம்பிக்கையில்தான் கிடைக்க இருந்தது.

அப்போது தேனியில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தேன் (கவிதையும் எழுதுவேன், தரகர் அதை மறைத்துவிட்டார்). பெண் வீடு கம்பத்துக்குத் தெற்கே, மலையடிவாரத்தில். சுற்றிலும் திராட்சைப் பந்தல். இலைகள் வழியே வடிந்த பச்சை வெளிச்சத்தில், ஏதோ ஏரிக்கு அடியில் நடப்பதுபோல் நடந்து போனேன். குமுளிப் பக்கம் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அது அழகு. பெண்ணின் அப்பாவுக்கு அது திராட்சை இலையைப் பிடிக்கும் அடிச்சாம்பல் நோய். மழைக்குள் மருந்து இலையில் காய்ந்து ஒட்டாவிட்டால் அந்தப் போகமே போய்விடும்.

"மாப்பிள்ளை கெமிஸ்ட்ரிதான படிச்சிருக்கீக? இந்த மயில்துத்தத்த அந்தக் கருப்பு டிரம்முல கரைச்சு வைங்க. நான் போயி சுண்ணாம்பு எடுத்தாரேன்."

மயில்துத்தம் என்றால் தாமிர சல்பேட், மயில்கழுத்து நீலம். கருப்பு டிரம்மில் அந்த நீலம் எப்படித் தெரியும்? பக்கத்தில் ஒரு புதுத் தகர வாளி, துத்தநாகப் பூச்சில் நிலாத்துண்டாக மின்னியது. அதில் கரைத்தேன். வானத்தில் கொஞ்சம் கழன்று வந்து வாளிக்குள் படுத்துக்கொண்டது.

காபியோடு கலைச்செல்வி வந்தாள். பெண் அவள்தான்.

"காலேஜ்ல என்ன சொல்லிக் குடுக்குறீக?"

வாளிக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். "துத்தநாகத்துக்கு எலக்ட்ரானைக் கொடுக்க ஆசை. தாமிரத்துக்கு வாங்க ஆசை. ரெண்டு ஆசைக்கும் உள்ள வித்தியாசம்தான் மின்னழுத்தம். ஒண்ணு புள்ளி ஒண்ணு வோல்ட். நடுவுல கம்பி போட்டா அந்த ஆசை வெளிச்சமாகும்."

"கம்பி போடாம விட்டா?"

"நேராத் தொட்டுக்கிட்டா வெளிச்சம் வராது. வெறும் சூடுதான்." (குரலைக் கொஞ்சம் தாழ்த்திச் சொன்னேன் என்றே நினைவு.)

அவள் டம்ளரை வைக்கக் குனிந்தவள் வாளியில் கைபட்டுத் துள்ளினாள்.

"ஆத்தாடி, இந்த வாளி என்ன இப்படிச் சுடுது!"

திரும்பிப் பார்த்தேன். வானத்தைக் காணோம். அடியில் செங்கல் நிறத்தில் சேறு. மேலே கழுவின தண்ணீர். பூச்சு கரைந்து, அடித்தையல் அரித்துக் கசிந்துகொண்டிருந்தது. துத்தநாகம் கொடுத்து முடித்திருந்தது; தாமிரம் வாங்கி முடித்திருந்தது; ஒரு பல்புகூட எரியவில்லை. இந்தக் கரைசலைத் துத்தநாகப் பாத்திரத்தில் வைக்கலாமா என்பது வருடா வருடம் நானே கேட்கும் இரண்டு மார்க் கேள்வி.

அப்பா சுண்ணாம்போடு வந்தார். "நீலம் எங்க மாப்பிள்ளை?"

"கீழே... படிஞ்சிருக்கு."

"வீட்டுல இருந்ததே அம்புட்டுத்தேன்." மேகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மழைக்குள்ள மருந்தடிச்சா கல்யாணத்தப் பேசுவோம். இல்லைன்னா காபியோட சரி."

அவருடைய மொபெட்டில் கம்பத்துக்குப் பறந்தேன். துத்தம் வாங்கி வந்து, டிரம்மில் கரைத்து, தெளிப்பானை முதுகில் மாட்டிப் பந்தல் பந்தலாக அடித்தேன். இலை காய்ந்து வெகுநேரம் கழித்துத்தான் முதல் துளி விழுந்தது. அன்றே பூ வைத்துவிட்டார்கள். மாற்றுச் சட்டை இல்லாததால், அன்று எடுத்த படத்தில் மயிலோடு கட்டிப் புரண்டவன்போல நிற்கிறேன்.

அந்த வாளி இப்போது எங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது. அடியில் ஓட்டை இருப்பதால் மல்லிகைக்கு வாகாகப் போயிற்று. புதுக் கவிதையை நான் கொஞ்சம் நீட்டி வாசிக்கத் தொடங்கினால் போதும், அடுப்படியிலிருந்து கலைச்செல்வியின் குரல் வரும்:

"ஏலே, உங்கப்பா ஆரம்பிச்சுட்டாக. ஓடிப்போயி வாளியத் தொட்டுப் பாரு!"

மகன் எழுந்துகூடப் போவதில்லை.

"சுடுதும்மா!"