சன்னாசி உறங்க வேண்டுமென்ற தீர்மானம்

ஐயா வாசகரே, ஆறுதல்காரர் என்றோர் இனத்தாரை நீர் அறிவீரா? ஊரில் எவனாவது முகம் வாடி உட்கார்ந்தால் போதும், இவருக்குக் கால் தரையில் பாவாது. 1926-ஆம் ஆண்டு மலாயாவின் ஈப்போ நகரில் அவருக்குப் பெயர் தம்பிமுத்து. ரயில்வே குமாஸ்தா, கோட்டுப் பையில் திருநீறு, தைலம், புத்திமதி மூன்றும் எப்போதும் தயார்.

கல்லூரி விடுதியில் சன்னாசி என்ற ரப்பர் தோட்டத்துப் பையன் மூன்று நாளாய்த் தூங்கவில்லை என்று காதில் விழுந்ததுதான் தாமதம், ஞாயிறு மத்தியானமே மனிதர் ஆறு நண்பர்களோடு வந்து இறங்கிவிட்டார். பரீட்சைக்குப் பத்தே நாள். பையனுக்குப் புத்தகத்தில் எழுத்தெல்லாம் எறும்பாய் ஊர்ந்தது. யாரிடமாவது ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டால் நெஞ்சுப் பாரம் இறங்கும் என்று தவித்தான். விட்டார்களா? ஒருவர் உச்சியில் விளக்கெண்ணெய் வைத்தார், ஒருவர் மிளகாய் சுற்றிப்போட்டார், ஒருவர் ஜாதகத்தை விரித்தார், தம்பிமுத்துவோ இப்படித் தூங்காத ஒருவனைத் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோன கதையைப் பையனுக்குத் தைரியம் வரட்டுமென்று விஸ்தாரமாய்ச் சொன்னார். ஏழு பேரும் கட்டிலில் அமர்ந்துவிட்டதால் சன்னாசி நின்றான்.

"ஐயா, நான் ஒன்னு சொல்லணும்..."

"பொறும் தம்பி! சபை நடக்கேக்கை குறுக்க கதைக்கப்படாது," என்றார் தம்பிமுத்து.

ஆம், சபையே கூடிவிட்டது! தலைவர் தேர்வாகி, வரவேற்புரை முடிந்து, 'சன்னாசி உறங்க வேண்டும்' என்ற தீர்மானம் முன்மொழியப்பட்டு, ஆமோதிக்கப்பட்டு, ஏகமனதாய் நிறைவேறியது. சபையோருக்குக் காப்பி கலக்க அனுப்பப்பட்டவன் யார்? சன்னாசிதான். அடப் பாவிகளா!

குசினியில் அறைத்தோழன் பத்துமலை அவித்த மரவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தான். "என்னடா மச்சான், மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? சொல்லுலா," என்றான்.

"நான் பாசாயிட்டேன்னு எங்கப்பன் இப்பவே தோட்டத்து லயத்துல வீடு வீடா சொல்லிட்டாருடா. தொரைகிட்டகூட சொல்லிட்டாரு. பயமா இருக்கு."

பத்துமலை மருந்து எதுவும் சொல்லவில்லை. கிழங்கில் பாதியை நீட்டி, "அப்புறம்?" என்றான். சன்னாசி சொல்லச் சொல்ல அழுதான். அழுது முடித்து அரிசி மூட்டையில் சாய்ந்தவன் அப்படியே குறட்டை விட்டான்.

காப்பி வரக் காணோமே என்று தேடிவந்த தம்பிமுத்து இந்தக் காட்சியைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"பாத்தியளோ! தீர்மானம் பலிச்சுப்போச்சு!" என்று கூவினார். அந்தக் கூச்சலில் பையன் பதறி எழுந்துவிட்டான்.

சிரிக்காதீர் வாசகரே. சன்னாசிக்குத் தூக்கமில்லை என்று படித்தவுடனேயே உமக்கு ஒரு கைமருந்து ஞாபகம் வந்ததே, அதை முதலில் கீழே வையும்.