கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட மௌஸ்

பல ஊரில் வேலை பார்த்தவனுக்குத் ‘தெரியாது’ என்று சொல்லும் பழக்கம் போய்விடும். எட்டாவதில் தோற்று ஓடிய நான் செங்கல் சூளை, கறிக்கடை, மைக்செட் என்று சுற்றிவிட்டு, சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கிடங்கில் ஆறு மாதம் பெட்டி தூக்கினேன். திண்டிவனம் திரும்பியதும் “கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தேன்” என்று சொல்லிக்கொண்டேன். (இருந்தேன்தானே? பெட்டிக்கு வெளியே.)

அப்போது தங்கை ரீட்டாவுக்கு விழுப்புரத்தில் மாப்பிள்ளை அமைந்திருந்தது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை, அதாவது ‘யாருக்காவது ஆட்சேபம் உண்டா’ என்று கேட்கும் கல்யாண அறிவிப்பு, வாசிக்க வேண்டும். தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் முடியும்வரை எங்களுக்குக் கல்யாணம் கிடையாது. மிச்சம் இருந்தது சரியாக மூன்றே ஞாயிறு. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் ரீட்டாவின் ஞானஸ்நானச் சான்றிதழ் விழுப்புரம் பங்குச் சாமியார் கையில் இருக்க வேண்டும். அவள் பிறந்த வருடத்துப் பதிவேட்டையோ கரையான் தின்றிருந்தது. அதில் இருந்ததெல்லாம் எங்கள் கோயில் ஆபீசின் கிழட்டுக் கம்ப்யூட்டருக்குள்தான்.

சனிக்கிழமை மதியம் போனேன். ஆபீசைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டெல்லா அக்கா சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“மௌஸ் வேற செத்துக் கெடக்குதுபா. குந்து, சாப்ட்டு வந்து எடுத்துத் தர்றேன்.”

குந்துவதா? கம்ப்யூட்டர் கம்பெனி ஆளா குந்துவது? கடைக்கு ஓடினேன்.

“ரவுண்டு பின்னா, யூஎஸ்பியா?” என்றார் கடைக்காரர்.

இரண்டும் எனக்கு ஒன்றுதான். “புதுசா எது வந்திருக்குதோ அதக் குடுங்க” என்றேன் எரிச்சலாக. (தெரியாததை மறைக்க எரிச்சலைப் போல உதவுவது எதுவுமில்லை.)

வந்து பார்த்தால் கம்ப்யூட்டரின் முதுகில் உருண்டை ஓட்டைகள். என் கையில் தட்டைத் தலை. துளி மூளை உள்ளவன் கடைக்குத் திரும்பியிருப்பான். நான் பிளேடு தேடினேன். மைக்செட்டில் வெட்டி ஒட்டாத ஒயரா? செத்த மௌஸின் வாலை உருண்டைத் தலையோடு வெட்டிப் புதியதன் வாலில் முறுக்கினேன். நிறத்துக்கு நிறம் சேர்ப்பதுதான் நான் கற்ற ஒரே தொழில் ரகசியம். இங்கே நிறங்கள் ஒத்துவரவில்லை. மஞ்சளும் வெள்ளையும் எப்படியும் தூரத்துச் சொந்தம்தான் என்று தீர்ப்புச் சொல்லிச் சேர்த்துவைத்தேன். செருகி, ஸ்விட்சைப் போட்டேன்.

‘சொய்ங்’ என்று ஒரு சத்தம். கொஞ்சம் கருகல் வாடை. அப்புறம் ஒன்றுமில்லை.

ஸ்டெல்லா அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“இன்னாபா பண்ணிக்கினு இருக்கற?”

“மௌஸ் மாத்தினேங்க்கா.”

“அத யாரு கேட்டா? மூணு மாசமா கீபோர்டுலயேதான் பிரிண்டு எடுத்துக்கினு இருக்கறேன்!”

செவ்வாய்க்கிழமை விழுப்புரத்திலிருந்து மெக்கானிக் வந்தார். பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தார்.

“எந்த எலக்ட்ரீஷியன் கைய வெச்சான்?”

“எலக்ட்ரீஷியன் இல்லிங்க. கல்யாணப் பொண்ணோட அண்ணன்” என்றார் அக்கா.

மெக்கானிக் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏம்பா, உனக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டந்தானே?”

பதிவுகள் பிழைத்தன, சான்றிதழும் வந்தது. ஆனால் முதல் ஞாயிறு போய்விட்டது. கல்யாணம் ஈஸ்டருக்கு அப்பால் தள்ளிப்போனது. ரீட்டா அழுதாள். அம்மா எனக்குச் சோற்றைத் தட்டில் போடவில்லை, எறிந்தார்.

இப்போது ரீட்டாவுக்குப் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். புருஷனோடு சண்டை வந்தால் எனக்குத்தான் போன் செய்வாள், அவர் காதில் விழும்படி:

“ஏண்ணா, அன்னிக்கி ஏன் அத்தோட உட்ட? இன்னும் ரெண்டு ஒயரச் சேத்துக் கொளுத்தியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்ல?”