மைக்செட்டும் அறந்தாங்கியின் முதல் சீசனும்

சொந்த டீம் தோற்கும்போது எதிர் டீமுக்குக் கைதட்டச் சொல்லி மைக்கில் கெஞ்சிய மனிதர், எனக்குத் தெரிந்து, இந்தப் பூமியில் மைக்செட் ஒருவர்தான்.

அவருடைய நிஜப் பெயரை யாரும் கேட்டதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கே ஜல்லிக்கட்டு நடந்தாலும் வர்ணனை அவர்தான்.

சம்பளத்துக்கு ஆடுகிற பாஸ்கெட்பால் லீக்கில் அப்போது எட்டு டீம்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் அறந்தாங்கிக்காரர்கள் சிலர் கூடிப் பேசி ஒன்பதாவது டீமை வாங்கினார்கள். மற்ற டீம்கள் வேண்டாமென்று கழித்துவிட்ட ஆட்களைப் பொறுக்கித்தான் புது டீம் கட்டவேண்டும் என்பது விதி. வளையத்தடியில் நிற்கவேண்டிய ஆட்டக்காரர், எங்கள் சென்டர், அவருக்கு முழங்கால் சரியில்லை. மீமிசல்காரரான கேப்டனுக்குக் கண்ணாடி இல்லாமல் வளையம் தெரியாது. இலுப்பூரிலிருந்து போன நான் பன்னிரண்டாவது ஆள். பெரும்பாலும் தண்ணீர் பாட்டிலுக்குக் காவல். இன்னொரு விதியும் உண்டு. முதல் சீசனில் ஒரு மேட்சாவது ஜெயிக்கவேண்டும். இல்லாவிட்டால் டீமைக் கலைத்துவிடுவார்கள், எங்களுக்கு வேலை போய்விடும்.

கூட்டம் சேர்க்க நிர்வாகம் மைக்செட்டைப் பிடித்தது. அவருக்கு பாஸ்கெட்பால் தெரியாது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

முதல் மேட்சில் எதிர் டீமின் நெட்டை ஆளை எங்கள் கேப்டனும் இன்னொருவரும் சேர்ந்து மடக்கினார்கள். கோச் மூன்று வாரம் சொல்லிக்கொடுத்த உத்தி அது. உடனே மைக் அலறியது.

“ஏய், ஒரு ஆளு மட்டும் புடிங்கப்பா! ரெண்டு பேரு புடிச்சா மாடு ஜெயிச்சதா அறிவிச்சிருவேன்!”

சின்ன வயதிலிருந்து அந்தக் குரலுக்குப் பயந்து பழகிய கேப்டன் சட்டென்று கையை எடுத்துவிட்டார். நெட்டை ஆள் நிதானமாக நடந்துபோய்ப் பந்தைப் போட்டான்.

“யாருக்கும் சிக்கல பாருங்க! அந்தத் தம்பிக்கு ஒரு எவர்சில்வர் அண்டா!”

அதன்பிறகு வந்த டீமெல்லாம் அண்டாவோடுதான் பஸ் ஏறியது. சென்னையிலிருந்து வந்திருந்த கோச்சுக்குத் தலை வெடித்தது.

“நம்ம டீமுக்குப் பேசுங்கண்ணே!”

“களத்துல யாரு நின்னு வெளயாடுறாங்களோ அவுங்களுக்குத்தான் சார் பேசுவேன். ஒங்க ஆளுகள நிக்கச் சொல்லுங்க.”

நாங்கள் வரிசையாகத் தோற்றோம். கேலரி மட்டும் நிறைந்து வழிந்தது. எனக்கு அவரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

கடைசி மேட்ச். அதிசயமாக, இரண்டு விநாடி மிச்சமிருக்கையில் எங்களுக்கு ஒரு பாயிண்ட் முன்னிலை. ஆனால் எதிர் டீம் பையன் ஒருவனுக்கு, யாரும் மறிக்காமல் வளையத்தில் போட, இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்துவிட்டது. இரண்டும் விழுந்தால் எங்கள் கதை முடிந்தது. அவன் கவனத்தைக் கலைக்க ஊரே தகரத்தைத் தட்டிக் கத்தியது. நானும் தொண்டை கிழியக் கத்தினேன்.

“நிறுத்துங்க!” என்றது மைக். “வந்த புள்ள நிம்மதியா போடட்டும். ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது.”

யாரும் மூச்சு விடவில்லை. அந்த ஆளைக் கொன்றுவிடலாம் போலிருந்தது எனக்கு.

முதல் பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. இரண்டாவது வளையத்தின் நுனியை மட்டும் உரசிவிட்டுக் கீழே வந்தது. சென்டர் பந்தைப் பிடித்துக் கட்டிக்கொண்டார். விசில்!

ஊர் ஆடியது. ஜெயித்ததை அறிவிக்கவேண்டிய மைக்கில் மட்டும் சத்தமில்லை. தேடிப் போனால், எதிர் டீமின் பெஞ்சு முன்னால் அந்தப் பையன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் மைக்செட்.

“எங்கே போனாலும் கத்துவாங்கண்ணே, அது பழகிருச்சு,” என்றான் அவன். “இங்க என் நெஞ்சு அடிக்கிறது எனக்கே கேட்டுச்சு. குறி தப்பிருச்சு.”

“மன்னிச்சுக்க தம்பி. ஒனக்கு நல்லது பண்றேன்னு கெடுத்துப்புட்டேன்.”

இடது கையிலிருந்த மைக் ஆனில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. கேலரி முழுவதும் அதைக் கேட்டு, ஆடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தது. அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கு வேலை மிஞ்சிய சந்தோஷத்தைவிட, இந்த மனிதர் எங்கள் ஊர் ஆள் என்ற சந்தோஷம்தான் அப்போது பெரிதாக இருந்தது. பக்கத்தில் போய் அவர் தோளில் கை போட்டேன்.

“அடுத்த வருசமும் நீங்கதாண்ணே பேசணும்,” என்றேன். அதுவும் மைக்கில் கேட்டது.