பௌர்ணமி வற்றத்தில் மாட்டிய ஒன்பது பேர்

சர்தோய்ரா,
ஜூலை 22

மதிப்பிற்குரிய எலாதியோ மாமாவுக்கு,

உங்கள் அக்காள் மகள் சபேலா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மாவின் இடது முழங்காலைத் தவிர மற்ற எல்லோரும் நலம். ஜெனீவாவில் நீங்களும் மாமியும், நீங்கள் புதிதாக வாங்கியிருக்கும் பாய்மரப் படகும் அவ்வாறே நலமாக இருக்கக் கார்மன் மாதாவை வேண்டிக்கொள்கிறேன். உங்கள் கடிதம் போன வாரம் வந்தது. கூடவே வந்த படகின் புகைப்படங்கள் பதினான்கையும் அம்மா சமையலறை மேசையில் பரப்பி, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்த்து முடித்து, "படகு நல்லாத்தான் இருக்கு. அடியில கத்தி மாதிரி நீளமா ஒண்ணு தொங்குதே, அதை இங்க எங்க கொண்டு வெப்பான்?" என்று கேட்டாள். மாமா, இந்தக் கடிதமே அந்தக் கேள்விக்கான பதில்தான். அதை வைக்க இங்கே இடமில்லை. இனி இருக்கப்போவதும் இல்லை.

துறைமுக நிர்வாகக் குழுவில் நீ இருக்கிறாய், உல்லாசப் படகுத்துறைக்கு ஆதரவாகக் கையைத் தூக்கு, ஊர் முன்னேறட்டும், உன் அம்மாவும் சேற்றில் குனிவதை விட்டு நிமிரட்டும், நீயும் படித்த படிப்புக்கு ஏற்ற மாதிரி ஒரு மேசைக்குப் பின்னால் உட்காரலாம் என்று எழுதியிருந்தீர்கள். அன்பாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், தெரியும். ஆனால் அந்தக் குழுவில் ஒன்பது நாற்காலி. சேற்றில் இறங்கி மட்டி எடுக்கிற அறுபத்து மூன்று பெண்களுக்கு அதில் ஒன்றே ஒன்று, அதுவும் நான்கு வருடம் கத்திக் கிடைத்தது. நானோ மட்டி எடுக்கும் உரிமத்துக்காக ஐந்து வருடம் காத்திருந்தவள். அம்மாவுக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் மூன்று வருடம் வேலை செய்தாக வேண்டும். திட்டம் என்ன தெரியுமா? நூற்றிருபது படகுகளுக்கு மிதவைத் துறை கட்டுவார்களாம். அதற்காகத் துறைமுகத்தைத் தூர் வாருவார்களாம். வாரிய சேற்றை எங்கள் மட்டித் திட்டின் கிழக்குப் பாதியில் கொட்டுவார்களாம். சுற்றுச்சூழல்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதால் மேற்குப் பாதியை உள்ளான் பறவைகளுக்காக வேலி போட்டு மூடுவார்களாம். படகுக்காரனுக்கு ஒன்று, பறவைக்கு ஒன்று. எங்கள் தலைவி தோசிந்தா அக்கா, "எங்களுக்கு?" என்று கேட்டதற்கு, குழுத் தலைவர் லிசார்தோ, "உங்களுக்கு வேலைவாய்ப்பு" என்றார். படகு கழுவுகிற வேலை. நாற்பது வருடம் தன் பெயரில் உரிமம் வைத்திருந்தவள் இனி உங்களைப் போன்றவர்களின் படகுத் தளத்தைத் துடைக்க வேண்டும். இதற்குத்தான் கை தூக்கச் சொன்னீர்கள்.

திட்ட அறிக்கை இருநூற்றுப் பத்துப் பக்கம். நான் முழுவதும் படித்தேன். எழுதியவர்கள் படித்திருப்பார்களா என்பது சந்தேகம். எங்கள் திட்டைப் பற்றி அதில் ஒரே வரி: பயன்பாட்டில் இல்லாத சேற்று நிலம். அதற்கு ஆதாரம் வானிலிருந்து எடுத்த படங்கள். எல்லாம் கடல் ஏற்றத்தின்போது எடுத்தவை. எல்லாவற்றிலும் தண்ணீர்தான் தெரிகிறது, ஒரு பெண்ணும் இல்லை. தண்ணீர் தலைக்கு மேல் நிற்கும்போது நாங்கள் அங்கே எப்படி இருப்போம், நாங்கள் என்ன மீனா? வற்றும்போது வந்து பாருங்கள் என்று எழுத்தில் கேட்டேன். சட்டப்படி நேரில் பார்வையிட வேண்டும் என்று இருப்பதால் மறுக்க முடியவில்லை. ஜூலை 20, திங்கள், பௌர்ணமியை ஒட்டிய பெருவற்றம். காலை பத்தரைக்குப் படகில் போய்ப் பார்வை, பன்னிரண்டரைக்கு நகராட்சி மண்டபத்தில் கூட்டம், வாக்கெடுப்பு, பிறகு விருந்து. முடிவை அன்று பிற்பகல் இரண்டு மணிக்குள் சாந்தியாகோவில் இருக்கும் மாநில அரசுக்கு அனுப்பியாக வேண்டும். லிசார்தோ கையில் ஆறு வாக்கு இருந்தது. எங்கள் பக்கம் நானும் படகு மீனவர்கள் இருவரும், மொத்தம் மூன்று.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காமல் படியுங்கள். லிசார்தோ முப்பது வருடமாகப் பாய்மரம் ஓட்டுகிறவர்தான். ஆனால் ஏற்றம் வற்றமெல்லாம் கைபேசியில் பார்த்துப் பழகியவர். கைபேசி கோடைக்கால மணிக்கணக்கைத் தானே சேர்த்துக்கொண்டு காட்டும். அன்று குழுச் செயலாளர் கோப்பில் வைத்திருந்ததோ துறைமுக அலுவலகத்தின் அச்சிட்ட அட்டவணை. அது சூரிய நேரத்தில் இருக்கும், கோடையில் இரண்டு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். தினமும் தண்ணீர் வற்றக் காத்து நாங்கள் கரையில் நின்று பழகியதால் எங்களில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். அட்டவணையில் அடிவற்றம் பத்து மணி என்று இருந்தது. மனுஷன் அப்படியே எடுத்துக்கொண்டார். படகு கிளம்பும்போதே நான் சொன்னேன், "ஐயா, இதுல ரெண்டு மணி நேரம் கூட்டணும். தண்ணி இன்னும் இறங்கிட்டிருக்கு."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "பொண்ணே, உங்க அம்மா குனிஞ்சுக்கிட்டு கடலைப் பார்த்தவங்க. நான் நிமிர்ந்து பார்த்தவன். பத்து மணிக்கு வத்தி முடிஞ்சாச்சு, இனிமே ஏறத்தான் செய்யும்."

நானும் வாயை மூடிக்கொண்டேன். இரண்டாம் முறை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இதில் எனக்கு வருத்தமும் இல்லை, பாவமன்னிப்புக் கேட்கவும் போகப்போவதில்லை.

உல்லாசப் படகுச் சங்கத்தின் வெள்ளை மோட்டார் படகில் ஒன்பது பேரும் செயலாளரும் திட்டுக்குப் பக்கத்தில் போய் நங்கூரம் போட்டோம். தண்ணீர் ஏறும்போது அப்படியே இன்னும் கிட்டப் போகலாம் என்றார் தலைவர். ஐந்து நிமிடத்தில் அடி தட்டியது. பத்து நிமிடத்தில் படகு லேசாகச் சாய்ந்தது. அவர், இதோ ஏறுகிறது பாருங்கள் என்று கையைக் காட்டிய திசையில் தண்ணீர் எங்களை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. பதினொன்றுக்குப் படகு ஒரு பக்கமாக நன்றாகப் படுத்துவிட்டது, நாங்கள் எல்லோரும் கூரையில் உட்கார்ந்த காக்கைகள் மாதிரி மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், அறிக்கையின் இருநூற்றுப் பத்துப் பக்கமும் நகராட்சிப் பிரதிநிதியின் மடியிலிருந்து வழுக்கிச் சேற்றில் போய் விழுந்தது, படகுச் சங்கத்து ஆள் கம்பளிச் சட்டையைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார், துறைமுக அலுவலகத்துக்காரர் யாருக்கோ போன் செய்து இழுவைப் படகு கேட்க, தண்ணீரே இல்லாத இடத்துக்கு இழுவைப் படகு எப்படி வரும் என்று அந்தப் பக்கத்திலிருந்து திட்டியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அப்போதுதான் கரையிலிருந்து அறுபத்து இரண்டு பேரும் பூட்ஸும் வாளியும் சேறு கிளறும் வாரியுமாக வரிசையாக நடந்து வந்தார்கள். பயன்பாட்டில் இல்லாத சேற்று நிலத்துக்கு வேலைக்கு வந்தார்கள்.

தோசிந்தா அக்கா படகின் அருகில் நின்று, மூழ்கிப்போன அறிக்கையை வாரியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "காலை வணக்கம் தலைவரே. துறை கட்டி முடிச்சாச்சா? சொல்லவேயில்லையே" என்றாள். திருட்டு மட்டி எடுப்பவர்களைப் பிடிக்க எங்கள் சங்கம் வைத்திருக்கும் காவல்காரி ஒப்துலியா அவள் பின்னால் வந்தாள். திட்டில் வேலை நேரத்தில் கால் வைக்கிற யாரிடமும் அவள் உரிமம் கேட்பாள், பேராயர் வந்தாலும் கேட்பாள். பேரேட்டைத் திறந்து, "உரிமம் இருக்கிறவங்க மட்டும் இறங்கலாம். மத்தவங்க மேலயே இருங்க" என்றாள். ஒன்பது பேரில் உரிமம் இருந்தது எனக்கு மட்டும். நான் இறங்கி அம்மாவின் பக்கத்தில் போய் வேலையைத் தொடங்கினேன். ஒரு நாளை எதற்காக வீணாக்குவது.

பறவை ஆய்வாளர் பிராய்ஸை உங்களுக்குத் தெரியாது. உயர்நிலைப் பள்ளி ஆசிரியர், குழுவில் சுற்றுச்சூழல்காரர்களின் பிரதிநிதி, நல்லவர், ஆனால் எங்களை விரட்டிவிட்டால்தான் உள்ளான்கள் பிழைக்கும் என்று ஆறு வருடமாக எழுதிக்கொண்டிருப்பவர். கழுத்தில் தொலைநோக்கியோடு படகில் தொற்றிக்கொண்டு எங்களையே பார்த்தார். நாங்கள் வாரி வாரி முன்னால் போக, கிளறிய சேற்றில் புழு பொறுக்க உள்ளான்கள் எங்கள் பின்னாலேயே வந்தன. அம்மாவின் வாளிக்கு மூன்று அடி தள்ளி ஒன்று. அம்மா அதைத் திட்டிக்கொண்டே வேலை செய்தாள். பிராய்ஸ் மேலிருந்து, இது எப்போதுமே இப்படித்தானா என்று கேட்டார். "தினமும்தான். நீங்க எப்ப எண்ணுவீங்க?" என்றாள் அம்மா.

"ஞாயித்துக்கிழமை. மத்த நாள் எனக்குப் பள்ளிக்கூடம்."

"ஞாயித்துக்கிழமை எங்களுக்கு லீவு."

அந்த மனிதரின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. ஆறு வருட அட்டவணை. ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறியதில்லை. பெண்கள் இல்லாத நாட்களில் மட்டும் எண்ணிவிட்டு, பெண்கள் இருந்தால் என்ன ஆகும் என்று தீர்ப்பு எழுதியிருக்கிறார்.

அடுத்தது அமன்சியோ. கராகஸில் நாற்பது வருடம் ரொட்டிக்கடை வைத்திருந்துவிட்டுத் திரும்பி வந்தவர், வெளிநாடு போனவர்களின் சங்கத்துக்காகக் குழுவில் உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்திருக்கிறார் என்றால் தூங்குகிறார். தலைவர் கை தூக்கும்போது விழித்துத் தானும் தூக்குவார். எண்பத்து ஒரு வயது, ஒரு மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது, கீழே இறங்கியே ஆக வேண்டும் என்றார். ஒப்துலியா யோசித்துவிட்டு, கையில் வாளி வாரி எதுவும் இல்லாமல் இறங்கலாம் என்று விட்டுவிட்டாள். மனுஷன் ஷூவைக் கழற்றி, கால்சட்டையைச் சுருட்டி, படகுக்குப் பின்னால் போய்விட்டுத் திரும்பி வந்தார், படகில் ஏறவில்லை. சேற்றைப் பார்த்தபடி நின்றார். பிறகு குனிந்து, இரண்டு விரலை உள்ளே விட்டு, பார்க்காமலே ஒரு மட்டியை எடுத்தார். இன்னொன்று. மூன்றாவது. "தாத்தா, இது திருட்டு" என்றாள் ஒப்துலியா. அவர் மட்டிகளை அவள் வாளியிலேயே போட்டார். "எங்கம்மா இதே இடத்துலதான் குனிஞ்சு நின்னா. கராகஸ்ல எல்லார்கிட்டயும் அவ டீச்சர்னு சொல்லி வெச்சிருந்தேன்."

மணி பதினொன்று நாற்பது. இரண்டு மணிக்கெடு தலைவரின் கழுத்தைப் பிடித்தது. ஒன்பது பேரும் இங்கேயே இருக்கிறோம், செயலாளரும் இருக்கிறார், கூட்டத்தை இங்கேயே நடத்திவிடலாம் என்று சொன்னது அவரேதான், மாமா, நான் இல்லை. ஆறு வாக்கு பையில் இருக்கிறது என்ற தைரியம். என்னையும் சேற்றோடு படகில் ஏறச் சொன்னார். சாய்ந்த படகில் ஒரு கையால் விளிம்பைப் பிடித்தபடி மறு கையால் வாக்களித்தோம். எங்கள் மட்டித் திட்டுக்கு ஆதரவாக நான், மீனவர்கள் இருவர், பிராய்ஸ், கீழே சேற்றில் நின்றபடி அமன்சியோ. ஐந்துக்கு நான்கு. சேறும் கொட்டக் கூடாது, வேலியும் போடக் கூடாது, மிதவைத் துறையும் கிடையாது. அறுபத்து இரண்டு பெண்களும் கைதட்டவில்லை, தண்ணீர் திட்டை மறுபடி மூட ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது, வேலை கிடந்தது. ஒன்றரைக்குப் படகு மிதந்தது. விருந்து ஆறிப்போயிருந்தது.

ஆகவே மாமா, உங்கள் படகை ஜெனீவாவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஏரித் தண்ணீர் காலையில் எங்கே இருந்ததோ மாலையிலும் அங்கேயே இருக்கும், உங்களுக்கும் அதுதான் பழகிவிட்டது. பத்தொன்பது வயதில் இந்தச் சேற்றிலிருந்து தப்பித்துப் போனீர்கள், அது உங்கள் உரிமை. அந்நிய ஊரில் முப்பத்தெட்டு வருடம் செங்கல் சுமந்தீர்கள், அந்த ஊர்க்காரன் உங்களை மதிக்கவில்லை என்று குடித்துவிட்டு அழுததையும் நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர் ஊருக்குத் திரும்பி வரும்போது முதல் வேலையாக அக்காளின் காலடியில் இருக்கிற நிலத்தைக் கேட்பது எனக்குப் புரியவில்லை. அம்மா நிமிர வேண்டும் என்றால் அவளுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை வேண்டும், படகுத்துறை வேண்டாம். மனதில் பட்டதை எழுதினேன். ஆகஸ்ட் முதல் தேதி படகில்லாமல் வாருங்கள், உங்கள் அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறோம்.

மாமிக்கு என் அன்பு. கார்மன் மாதா உங்கள் இருவரையும் வழியில் காத்துக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் மருமகள்,
சபேலா

பின்குறிப்பு, ஜூலை 25: தபாலில் போடுவதற்குள் நகராட்சியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. கூட்டம் பன்னிரண்டரைக்கு மண்டபத்தில் என்று அழைத்துவிட்டு, பதினொன்று நாற்பதுக்குச் சேற்றில் நடத்தியதால் செல்லாதாம். முடிவு ரத்து. சாந்தியாகோ புதிதாகக் கெடு கொடுத்திருக்கிறது. ஆகஸ்ட் 4, நண்பகல், மண்டபத்தில் மறுபடி வாக்கெடுப்பு. அன்றும் பெருவற்றம்தான், நாங்கள் வர முடியாமல் இருக்க லிசார்தோ அதை வேண்டுமென்றே வைத்தாரா, மறுபடி அந்த இரண்டு மணி நேரத்தைக் கூட்டத் தெரியவில்லையா, தெரியாது. அறுபத்து மூன்று பேரும் அன்றைய வேலையை விட்டுவிட்டு மண்டபத்துக்குப் போவதாக முடிவு. பிராய்ஸ் உறுதியாக நிற்கிறார். அமன்சியோதான் இல்லை. ஈரத்தில் நின்றது நெஞ்சில் சளியாகி, மகள் வீகோவுக்குக் கூட்டிப்போய்விட்டாள், இரண்டு மாதம் படுக்கை. அவருக்குப் பதில் யார் என்று செயலாளரிடம் கேட்டேன். வெளிநாடு போனவர்கள் சங்கத்தின் மாற்று உறுப்பினர் என்று ஒரு தாளை எடுத்துக் காட்டினார். எட்டு வருடத்துக்கு முன்னால் திருவிழா விருந்தில் நீங்கள் போட்ட கையெழுத்து, மாமா. என்னவென்று படிக்காமலே போட்டிருப்பீர்கள். இப்போது நான்குக்கு நான்கு. ஒன்பதாவது கை உங்களுடையது.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இனிப்பாக வேறொன்று எழுது என்று அம்மா நேற்றிலிருந்து கெஞ்சுகிறாள். "அவன் ரோஷக்காரன்டி, வீம்புக்கே எதிரா போட்டுருவான்" என்கிறாள். உட்கார்ந்து எழுதியும் பார்த்தேன். உங்கள் படகு அழகு என்று ஆரம்பித்து அதற்கு மேல் போகவில்லை. அதனால் இதையேதான் அனுப்புகிறேன், ஒரு வரியும் அடிக்காமல். நீங்கள் எப்படி வேண்டுமானாலும் கை தூக்குங்கள். ஆனால் அன்று காலை பத்தரை மணிக்கே அம்மாவோடு திட்டுக்கு வாருங்கள், ஒப்துலியாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். கால் அளவை மட்டும் உடனே எழுதுங்கள், பூட்ஸ் எடுத்து வைக்க வேண்டும். அம்மா உங்களுக்குக் கடைசியாக பூட்ஸ் வாங்கியது உங்கள் பத்தொன்பதாவது வயதிலாம். அளவு நாற்பத்து ஒன்று என்கிறாள். அதற்குப் பிறகு கால் வளர்ந்திருக்குமா என்று என்னைக் கேட்கிறாள்.